கேளாமல் வந்த கடன்

நியூயார்க் நகரத்து உணவு விடுதி ஒன்றிலே, 1949 ஆம் ஆண்டில் ஓர் இரவு, பிராங்க் மெக்நமாரா என்னும் வணிகர் விருந்துண்டாராம். உண்டு முடித்துச் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தால், பணப்பையைக் காணோமாம்! வேறோர் உடையில் வைத்து மறந்துவிட்டாராம். மனைவி வந்து பணங்கட்டி மானங்காத்தாராம். 'இந்த இழிவு இனி எவருக்கும் நேரக்கூடாது' என்று அப்போதே உறுதி பூண்டாராம். அந்த உறுதியிலிருந்துதான் கடன் அட்டை பிறந்ததாம்.

எத்தனை 'ஆம்' பாருங்கள்! தலபுராணம் படித்தவர்களுக்கு இந்த நடை புதிதன்று. அங்கே குறையோடு வந்த மன்னன், கனவிலே ஓர் அருள்வாக்கு, விடிந்ததும் ஒரு கோயில். இங்கே குறையோடு நின்ற வணிகர், விடுதியிலே ஒரு வெட்கம், விடிந்ததும் ஓர் அட்டை. புராணத்தை உரசிப் பார்க்கும் பழக்கமுடைய நாம் வணிகர்களின் புராணத்தை மட்டும் உரசாமல் விடலாமா? உரசிப் பார்த்தால் சாயம் வெளுக்கிறது. செய்தித்தாள்கள் விரும்பிப் போடும் என்பதற்காகப் புனைந்த கதை இது என்பது, அந்நிறுவனத்துக்கு விளம்பரப் பணி செய்தவர் வாயாலேயே பின்னாளில் வெளிவந்துவிட்டது. 1950 இல் 'டைனர்ஸ் கிளப்' தோன்றியது உண்மை; உறுப்பினர்க்கு அட்டை தந்தது உண்மை. மறந்துபோன பணப்பைதான் பொய்.

இந்தப் பழங்கதையை இப்போது கிளறுவானேன் என்று கேட்பீர்கள். சொல்கிறோம். நாம் ஆசிரியப் பணியேற்ற முதலாண்டில் பன்னிரண்டாம் வகுப்பில் நம்மிடம் படித்த மாணவன் ஒருவன், இன்று கல்லூரி விடுதியில் தங்கிப் படிப்பவன், விடுமுறையில் நம்மைக் காண வந்தான். கைப்பேசியை நீட்டினான். 'உங்களுக்கெனவே ஒதுக்கப்பட்ட கடன் அட்டை. ஒரு சொல் போதும், உங்களுடையது' என்று அதிலே ஓர் அழைப்பு. உதவித்தொகை பெறுவதற்காகக் கணக்குத் தொடங்கிய பிள்ளை. சம்பாத்தியம் என்று ஒரு காசும் இல்லை. "ஐயா, நான் கேட்கவே இல்லையே, ஏன் கொடுக்க வருகிறார்கள்?" என்றான்.

நல்ல கேள்வி. ஏன் என்று கேட்டதற்காகவே அவனைப் பாராட்டினோம். ஆனால் பாராட்டு விடையாகாது. விடை தேடிப் போனபோது, அது அமெரிக்க நாட்டின் அறுபது ஆண்டு வரலாற்றில் கிடந்தது.

டைனர்ஸ் கிளப் அட்டையைக் கடன் அட்டை என்று சொல்வதே அவ்வளவு சரியன்று. விடுதிகளில் விருந்தளித்து வணிகம் பேசும் கனவான்களுக்கான வசதி அது. மாத முடிவில் கணக்கு வரும். முழுத்தொகையையும் கட்டிவிட வேண்டும். மீதி வைத்தல் கிடையாது. ஆகவே அதைக் கொண்டு எவரும் பெருங்கடனிலே மூழ்கிவிட வழி இல்லை. வழி திறந்தது வேறோர் ஊரில்.

கலிபோர்னியா மாநிலத்திலே, பழத்தோட்டங்கள் சூழ்ந்த பிரெஸ்னோ என்றொரு நகரம். 1958 செப்டம்பரில் அவ்வூரார் அஞ்சலைப் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே ஓர் அட்டை இருந்தது. விண்ணப்பம் அன்று, விளம்பரத் தாளும் அன்று. பெயர் பொறித்து, செலவழிக்க ஆயத்தமாக வந்த அட்டையே! ஒன்றல்ல, இரண்டல்ல, 60,000 அட்டைகள் அந்த ஒரே வட்டாரத்தில் அனுப்பப்பட்டன. அனுப்பியது 'பாங்க் ஆப் அமெரிக்கா'. எவரும் கேட்கவில்லை. எவரிடமும் 'வேண்டுமா?' என்று வினவவும் இல்லை. பிரெஸ்னோ ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது தெரியுமா? அவ்வூர்க் குடும்பங்களில் நூற்றுக்கு 45 அவ்வங்கியின் வாடிக்கையாளர்கள். முயற்சி தோற்றாலும் அந்த மூலையில் நடந்தது பெருநகரங்களின் காதுக்கு எட்டாது. மருந்தைச் சிற்றுயிர்க்குக் கொடுத்துப் பார்ப்பதுபோல், மக்களுக்குக் கடனைக் கொடுத்துப் பார்த்தனர்.

முன்பும் கடன் இருந்தது. மளிகைக்கடைக்காரர் ஏட்டிலே ஒரு பற்று, துணிக்கடையிலே ஒரு பற்று. ஆனால் அந்த ஒவ்வொரு ஏட்டுக்கும் பின்னால் ஒரு முகம் இருந்தது. 'போன மாதப் பாக்கி இருக்கிறதே' என்று சொல்லும் வாய் இருந்தது. பிரெஸ்னோ அட்டை அந்த முகங்களையெல்லாம் துடைத்துவிட்டு, ஏடுகள் அனைத்தையும் ஒரே வங்கிக்குள் அடக்கியது. அதனோடு ஒரு புதுமையையும் சேர்த்தது: முழுத்தொகை கட்ட வேண்டியதில்லை, சிறிது கட்டினால் போதும், மீதி அடுத்த மாதத்துக்கு உருளும். உருள்வதற்கு வட்டி, மாதத்துக்கு நூற்றுக்கு ஒன்றரை, ஆண்டுக்கு 18.

அடுத்த பதின்மூன்று மாதங்களில் கலிபோர்னியா முழுவதும் இருபது இலட்சம் அட்டைகள் பறந்தன. தவணை தவறுவோர் நூற்றுக்கு நால்வர் இருக்கக்கூடும் என்று வங்கி கணக்கிட்டிருந்தது. தவறியவர் 22 பேர். அஞ்சற்பெட்டியில் அட்டைத் திருட்டு; கடைகளில் பொய்க்கையெழுத்து. திட்டத்தை வகுத்த ஜோசப் வில்லியம்ஸ் பதவி விலகினார். வங்கி ஒப்புக்கொண்ட இழப்பு 88 இலட்சம் டாலர். 'கெட்டது வங்கி, ஒழிந்தது அட்டை' என்றுதானே நினைக்கத் தோன்றும்? இல்லை. வங்கி பொறுத்திருந்தது, சில ஆண்டுகளிலேயே இலாபம் கண்டது. தவறுகிறவனால் நட்டம் வரும். தவறாமல் முழுதும் கட்டுகிறவனால் பெரும்பயன் இல்லை. தவறாமலும், முழுதும் கட்டாமலும், மாதமாதம் சிறிது சிறிதாகக் கட்டிக்கொண்டே இருக்கிறானே, அவன்தான் பொன்முட்டையிடும் வாத்து என்பதை அட்டை வணிகம் கற்றுக்கொண்டது.

கற்ற பாடத்தைப் பிறரும் படித்தனர். 1966 இல் சிகாகோ வங்கிகள் கிறித்துமசுக்கு முன்னதாக அட்டைகளை அள்ளி வீசின; ஏறத்தாழ ஐம்பது இலட்சம் என்பர். பச்சிளங் குழந்தைக்கு வந்தது. இறந்து போனவருக்கும் வந்தது! அதிபர் ஜான்சனின் ஆலோசகராக நுகர்வோர் நலன் கவனித்த பெட்டி பர்னெஸ் அம்மையார், கேளாமல் அட்டை அனுப்புவதை நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை ஊட்டுவதற்கு ஒப்பிட்டார். கேளாதவர்க்கு அட்டை அனுப்பலாகாது என்று 1970 இல்தான் சட்டம் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகள்!

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. கடன் அட்டையே தீது, அதைத் தொட்டவரெல்லாம் கெட்டார் என்று நாம் கூற வரவில்லை. அதே நாட்டிலே, அதே ஆண்டுகளிலே, சம்பாதிக்கும் பெண்ணொருத்தி தன் பெயரில் அட்டை கேட்டால் 'கணவர் கையெழுத்து எங்கே?' என்று கேட்டனர். மணமுறிவு பெற்றவளானால் கதவே அடைபட்டது. 1974 இல் வந்த சமக்கடன் வாய்ப்புச் சட்டம் அந்த அநீதியை நீக்கிற்று. அது பெண்கள் போராடிப் பெற்ற உரிமை, போற்றுகிறோம். வருவாய் உள்ளவள் கேட்டபோது மறுத்ததும், வருவாய் இல்லாத சிறுவன் கேளாதபோது கொடுத்ததும் ஒரே வங்கித் தொழில்தான் என்பதையும் குறித்துக்கொள்கிறோம்.

வட்டிக்கு ஒரு வரம்பு இருந்ததே, அது என்னாயிற்று? அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் மிகைவட்டித் தடைச்சட்டம் இருந்தது. 1978 இல் அந்நாட்டின் உச்சநீதிமன்றம், மார்க்கெட் வங்கி வழக்கில், ஒரு வங்கி எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து வட்டியையே நாடெங்கும் வாங்கலாம் என்று தீர்ப்பளித்தது. போதாதா? தென் டகோட்டா மாநிலம் தன் வரம்பை நீக்கியது; நியூயார்க்கின் சிட்டி வங்கி 1981 இல் தன் அட்டைத் தொழிலை அங்கே கொண்டுபோய் இறக்கியது. அதே ஆண்டில் டெலவேர் மாநிலமும் கதவைத் திறந்தது. வீடு நியூயார்க்கில், வட்டி டகோட்டாவில்!

வரம்பு நீங்கியபின் வணிகர் புதிய வாடிக்கையாளரைத் தேடினர். குடும்பத் தலைவரிடம் ஏற்கெனவே அட்டைகள் இருந்தன. எஞ்சியவர் யார்? மாணவர்! அதுவரை மாணவனுக்கு அட்டை வேண்டுமானால் பெற்றோர் கையெழுத்திட வேண்டும் என்பதே வழக்கம். 1980களின் பிற்பகுதியில் அந்தக் கையெழுத்தும் தேவையில்லை என்றாயிற்று.

கல்வியாண்டின் முதல் வாரம். ஊர்விட்டு ஊர்வந்த பதினெட்டு வயதுப் பிள்ளைகள். வளாகத்தில் மேசை போட்டு, துணி விரித்து, சிரித்த முகத்தோடு சிலர் அமர்ந்திருப்பர். விண்ணப்பத்தில் கையெழுத்திட்டால் ஒரு பனியன் இலவசம். எறிந்து விளையாட ஒரு தட்டு இலவசம். பசித்தவனுக்குப் பீட்சா இலவசம். பல்கலைக்கழகப் புத்தகக் கடையில் பாடநூல் வாங்கினால், பையினுள்ளே நூலோடு விண்ணப்பமும் விழும். ஒரு பனியனுக்காக ஓராண்டு வட்டி! நம் ஊரில் தேர்தல் காலத்தில் நடப்பதை எண்ணிச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம்.

கொடுமை இதுவன்று. மேசை போட இடங்கொடுத்தது யார்? கல்வி புகட்ட வேண்டிய நிலையங்களே! பல்கலைக்கழகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் அட்டை நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்து பணம் பெற்றன. அந்த ஒப்பந்தங்களை வெளியிட்டே ஆக வேண்டும் என்று பின்னர் சட்டம் வந்தபோது, 2009 ஆம் ஆண்டில் மட்டும் அவ்வகையில் 8 கோடி டாலருக்கு மேல் கைமாறியது என்பதும், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்கள் இருந்தன என்பதும் வெளிச்சத்துக்கு வந்தன. பொருளியல் பேராசிரியர் உள்ளே சேமிப்பைப் பற்றிப் பாடம் நடத்துகிறார். அதே கட்டடத்தின் வாயிலில் அதே நிலையம் கடனை விற்கிறது. நாமும் சம்பளம் வாங்கும் ஆசிரியரே. இதை எழுதும்போது கூசத்தான் செய்கிறது.

வருவாயற்றவனை ஏன் நாடினர்? முதலில் கைக்கு வந்த அட்டையை மக்கள் எளிதில் விடுவதில்லை என்று அவர்கள் அறிந்திருந்தனர். பிள்ளை கட்டாவிட்டால் பெற்றோர் மானத்துக்கஞ்சிக் கட்டுவர் என்பதும் தெரியும். எல்லாவற்றினும் மேலாக, பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு வரவு செலவுத் திட்டம் போடத் தெரியாது. தெரிவதற்கு முன்னே பிடித்துவிட வேண்டும். அத்தொழிலில் ஒரு வழக்குச் சொல் உண்டு. கடனைக் கட்டாமல் ஓடுகிறவனுக்கு ஆங்கிலேயர் வைத்திருக்கும் ஏச்சுப்பெயரை, அவர்கள் யாருக்குச் சூட்டினர் தெரியுமா? மாதந்தோறும் முழுத்தொகையையும் ஒழுங்காகக் கட்டிவிடுகிறவனுக்கு! நாணயமானவனே அவர்கள் அகராதியில் ஏமாற்றுக்காரன்.

விளைவு? அந்நாட்டில் மாணவர்க்குக் கல்விக்கடன் வழங்கும் சாலி மே நிறுவனம் 2009 இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. இளங்கலை மாணவரில் நூற்றுக்கு 84 பேரிடம் கடன் அட்டை. பாதிப்பேரிடம் நான்கும் அதற்கு மேலும். சராசரிப் பாக்கி 3,173 டாலர்.

அதிலே ஆயிரம் டாலரை மட்டும் எடுத்துக் கணக்குப் போடுவோம். தாளும் எழுதுகோலும் எடுங்கள் தோழர்களே. ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். வட்டி, பிரெஸ்னோவின் பழைய வட்டியே, மாதம் ஒன்றரை. முதல் மாத வட்டி 15 டாலர். பாக்கி 1,015. 'குறைந்தபட்சம்' நூற்றுக்கு இரண்டு கட்டினால் போதும் என்று தாளிலே அச்சிட்டிருக்கிறது. கட்டுகிறான்: 20 டாலர் 30 சென்ட். கடன் குறைந்தது எவ்வளவு? 5 டாலர் 30 சென்ட். இப்படியே ஒரு நாளும் தவறாமல், புதிதாக ஒரு காசுக்கும் பொருள் வாங்காமல், ஓராண்டு கட்டி வருகிறான். கட்டிய தொகை ஏறத்தாழ 237 டாலர். கடன் குறைந்ததோ 62 டாலர். மீதி 175 வட்டிக்குப் போயிற்று. 'குறைந்தபட்சம்' என்ற சொல் சலுகைபோல் ஒலிக்கிறது. அதன் உட்பொருளைக் கணக்கு சொல்கிறது.

'நான் முழுதும் கட்டிவிடுவேன், எனக்கென்ன?' என்பான் ஒரு கெட்டிக்கார மாணவன். அவனுக்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே பிரெலெக், சிமெஸ்டர் என்னும் இரு பேராசிரியர்கள், வணிகவியல் மாணவர்களிடையே கூடைப்பந்துப் போட்டிக்கான நுழைவுச்சீட்டை ஏலம் விட்டனர். ஒரு பகுதியினர் ரொக்கமாகக் கட்ட வேண்டும். மறுபகுதியினர் கடன் அட்டையால் கட்ட வேண்டும். அதே சீட்டு, அதே ஆட்டம். அட்டைக்காரர் கேட்ட விலை, ரொக்கக்காரர் கேட்டதைப் போல் சராசரியில் இரு மடங்குக்கும் மேலே போயிற்று! 2001 இல் இது வெளியாயிற்று. பிரெஸ்னோவார் அல்லர் இவர்கள். இலாப நட்டம் கற்கும் மாணவர்கள். கட்டும் வேளையும் வாங்கும் வேளையும் வேறுவேறாகிவிட்டால், அறிவாளிக்கும் விலை மங்கித் தெரிகிறது.

திட்டமிடக் கற்பது என்பது என்ன? கணக்கு எழுதுவது அதன் ஒரு பகுதியே. கையிலிருப்பது இவ்வளவுதான், இதை எடுத்தால் அது இல்லை என்னும் முட்டலை உணர்வதே அதன் உயிர். நாம் கல்லூரியில் படித்த நாளில், விடுதிக்கு எதிரே ஒரு தேநீர்க் கடை. கடைக்காரரிடம் ஒரு பற்று நோட்டு. அதிலே நம் பெயருக்கு ஒரு பக்கம். இருநூறு ரூபாயைத் தாண்டினால் அவர் ஒன்றும் பேசமாட்டார். தேநீரை மட்டும் சற்று ஓசையோடு மேசைமேல் வைப்பார். அந்த ஓசைக்கு அஞ்சியே வடையை விட்டோம். மாலைத் தேநீரை விட்டோம். ஒருமுறை மாதக் கடைசியில் பற்றுத் தீர்க்க முடியாமல், கடைவழியே போகாமல் பின்வாயிலால் சுற்றிப் போன வெட்கமும் உண்டு. அந்த வெட்கந்தான் நமக்கு முதன்முதல் திட்டம் போடக் கற்றுக்கொடுத்தது. அட்டைக்கு ஓசை இல்லை. முட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில் அது பஞ்சு மெத்தையை வைக்கிறது. பாக்கி ஏற ஏற, வரம்பையும் உயர்த்தி வாழ்த்து அனுப்புகிறது!

'திடீரென நோய் வந்தால்?' என்று கேட்பர். வரும். அதற்காக முதலில் ஐந்நூறு, பிறகு ஆயிரம் என்று ஒதுக்கி வைப்பதே திட்டத்தின் முதல் வரியாக வேண்டும். அட்டை கையிலிருக்கும் வரையில் அந்த வரியை எழுத மனம் வராது. 'கடன் வாங்கித் திருப்பியதற்குச் சான்று இல்லாவிட்டால் நாளை வீட்டுக்கடன் கிடைக்காதே?' என்பதும் ஒரு வாதம். அமெரிக்காவில் அதற்குப் பெரும் வலுவுண்டு. இங்கும் அந்த மதிப்பெண் முறை வந்துவிட்டது. மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சான்றைச் சம்பளம் வாங்கத் தொடங்கிய பின்னும் தேடிக்கொள்ளலாம். நீச்சல் தெரிந்தவனுக்கு ஆற்றுக்குள் இறங்க ஆண்டுகள் பல இருக்கின்றன.

அமெரிக்கப் பேராயம் இதை உணர்வதற்கு அரை நூற்றாண்டு ஆயிற்று. 2009 மே 22 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், 21 வயது நிரம்பாதவர்க்குத் தம் வருவாய் கொண்டு கட்டும் ஆற்றல் இருக்க வேண்டும், அன்றேல் வயதுவந்த ஒருவர் உடன் கையெழுத்திட வேண்டும் என்றது. வளாகத்திலும் அதன் அருகிலும் பொருள் கொடுத்து ஆசைகாட்டி விண்ணப்பம் வாங்குதல் கூடாது என்றது. குறைந்தபட்சம் மட்டுமே கட்டினால் கடன் தீர எத்தனை ஆண்டு ஆகும் என்பதையும் கணக்குத் தாளிலேயே அச்சிட வேண்டும் என்றது. பனியன் மேசைகள் மறைந்தன. ஒப்பந்தங்கள் ஆண்டுக்காண்டு குறைந்தன. சட்டம் செய்த நன்மை இது. மேசைகளில் ஏமாந்த தலைமுறைக்கு அது காலம் கடந்து வந்தது.

நம் நாட்டில் ரிசர்வ் வங்கி 2022 இல் வெளியிட்ட விதிகள், கேளாதவர்க்குக் கடன் அட்டை வழங்குவதைத் தடுக்கின்றன. நம் மாணவன் கைப்பேசிக்கு வந்தது அட்டை அன்று. 'கேள்' என்னும் அழைப்பு.

இந்த வரலாற்றையெல்லாம் அவனுக்குச் சொன்னோம். கணக்கையும் அவனே போட்டுப் பார்த்தான். 237 வந்ததும் மறுபடி ஒருமுறை கூட்டினான். அழைப்பை அழித்தானா என்று நாம் கேட்கவில்லை. அடுத்த விடுமுறைக்கு வந்தபோது நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் காட்டினான். விடுதி உணவு, பேருந்து, நகல் எடுத்தது, தேநீர் என்று நாள்வாரியாக எழுதியிருந்தான். அந்த மாதத்துப் பக்கத்தின் அடியில்: மீதி நாள் 9, மீதிப் பணம் 140 ரூபாய். அதற்கு நேரே வேறு மையில், 'பேருந்து வேண்டா, நடை' என்றிருந்தது.